ஆளையே காணோமே!

உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இரண்டு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எப்படி ஆரம்பிப்பது, ஆரம்பித்த பிறகு எப்படி ஒரு நாளும் விடாமல் செய்வது. இதற்கு நடுவில் ஒரு பெரிய பகுதி விட்டுப்போகிறது என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் உறுத்தல். விட்டவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள்? எனக்குத் தெரிந்த வேலூரில் உடற்பயிற்சியை ஆரம்பிக்காதவர் என்று யாருமே கிடையாது. எங்கள் கொசப்பேட்டையில் எந்த வீட்டுச் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாலும் நடப்பதற்கென்று வாங்கின ஷூ ஒரு ஜோடி கீழ்த்தட்டில் இருக்கும். வாங்கினவர் அதைப் போட்டுக்கொண்டு கோட்டைக்குப் போனவர்தான். காலையில் அகழி ஓரம் நடந்து, அருகம்புல் ஜூஸ் குடித்து, நாலு பேருடன் பழகி, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கும். அப்புறம் ஏதோ ஒன்று வந்தது, நின்றுபோனது. அந்த ஏதோ ஒன்று முடிந்த பிறகும் அவர் வரவில்லை. இந்தக் கடைசி வரிதான் என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது. தடை நீங்கிய பிறகும் ஏன் வரவில்லை?

சோம்பேறித்தனம், மன உறுதி இல்லை என்று ஊரே சொல்லும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே மனுஷர் காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடிக்கிறார், பிள்ளையை டியூஷனில் விடுகிறார், பிறகு வேலைக்கும் போகிறார். உறுதி இல்லாத ஆள் செய்கிற வேலையா இதெல்லாம்? காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதில் ஒரு பங்கு, நாம் எல்லாரும் அன்போடு கேட்கிற ஒரு கேள்வியில் இருக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

"இன்னா டீச்சர், ஆளையே காணோம்?"

என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்புக்கு அறுவை சிகிச்சை ஆகி, எழுந்து நடமாடும் வரைக்கும் நான் கோட்டைப் பக்கம் போகவில்லை. மாதக்கணக்கில். திரும்பிப் போன முதல் காலையிலேயே இந்தக் கேள்வியை வாசலில் ஒருவர், பூங்காப் பக்கம் ஒருவர், கோயிலுக்கு எதிரில் இன்னும் இருவர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மாமியார் கதையை முதலில் இருந்து சொன்னேன். கேட்டவர்களில் யாரிடமும் கெட்ட எண்ணம் கிடையாது, அக்கறையில்தான் கேட்டார்கள். ஒருவர் மட்டும் கூடவே, "கொஞ்சம் வெயிட்டு போட்டுட்டாப்ல இருக்கீங்களே" என்றார். அவருமே நல்லவர்தான். ஆனால் அன்றைக்கு நடந்த நேரத்தைவிட விளக்கம் சொன்ன நேரம் அதிகம். அடுத்த நாள் காலை அலாரம் அடித்தபோது கால் வலிக்கவில்லை, தூக்கமும் போதுமான அளவு இருந்தது. இன்னும் யார் யாருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றுதான் மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் எழுந்திருக்கத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் ஓர் அக்கா இதே காரணத்துக்காகக் கோட்டையை விட்டு மொட்டை மாடியில் நடக்க ஆரம்பித்தார். மாடியில் கேள்வி கேட்க ஆளில்லை, கூட நடக்கவும் ஆளில்லை. சீக்கிரமே அதுவும் நின்றது.

இந்த ஊரில் ஒரு வருடம் எப்படிப் போகிறது

ஒரு நாளும் விடாதே என்று அறிவுரை சொல்கிறவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வேலூரில் ஒரு வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் மே முதல் வாரம் ஆரம்பிக்கிறது, ஆனால் அதற்கு முன்னாலேயே இங்கே நாற்பது டிகிரியைத் தாண்டிவிடும். சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டே இருக்கும். விடியற்காலையிலும் காற்று குளிர்வதில்லை, ராத்திரி தூக்கமும் ஒழுங்காக வருவதில்லை, இதில் ஐந்தரைக்கு எழுந்து நட என்றால் உடம்பு மறுப்பது நியாயம்தான். ஆனியும் ஆவணியும் கல்யாண மாதங்கள். ஆடியில் கூழ் ஊற்றுவது, ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியோ வள்ளிமலையோ போவது. அப்புறம் வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது, ஆற்றில் தண்ணீரைப் பார்க்கிற அதிசயத்துக்காகத்தான் வீட்டை விட்டு வெளியே வந்தோம், நடைப்பயிற்சியை யார் நினைத்தார்கள். பிறகு பொங்கல், பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை. இதற்கிடையில் குழாயில் கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற காலைகள். அந்தக் காலையில் வீட்டில் யார் நடக்கப் போகலாம், யார் குடத்தோடு நிற்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. அது தானாகவே முடிவாகிவிடும், பெரும்பாலும் பெண்ணுக்கு எதிராகத்தான் முடிவாகும். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்குக் கோபம் குறையவில்லை.

ஆக இடைவெளி வரும். வந்தே தீரும். அது விபத்து மாதிரி எப்போதாவது நடக்கிற விஷயமே இல்லை, வருடத்தின் சாதாரண ஓட்டம்.

இதில் நான் கவனித்த இரண்டு கூட்டம் உண்டு. ரம்ஜான் மாதத்தில் கோட்டையில் பாய்மார் கூட்டம் அப்படியே காணாமல் போகும். இரவுத் தொழுகை முடிய நேரமாகும், விடிவதற்கு முன் சஹருக்கு எழுந்து சாப்பிட வேண்டும், அப்புறம் பகல் முழுக்கத் தண்ணீர் கூடக் கிடையாது. யாரால் நடக்க முடியும்? ஆனால் பெருநாள் முடிந்ததும் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் யாரும் ஆளையே காணோமே என்று கேட்பதில்லை. எங்கே போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், எப்போது வருவார்கள் என்றும் தெரியும். அந்த இடைவெளிக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு முடிவு நாள் இருக்கிறது. யாருக்கும் எதையும் விளக்கத் தேவையில்லாமல் வந்து நடக்க ஆரம்பித்துவிடலாம்.

இன்னொரு கூட்டம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள். கார்த்திகையில் பச்சைத் தண்ணீரில் குளியல், வெறுங்காலில் நடை, நேரத்துக்குச் சாப்பாடு, பழக்கவழக்கங்களில் அவ்வளவு கட்டுப்பாடு. பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் பல பேரிடம் எல்லாமே ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. விரதத்தைக் குறை சொல்லவில்லை, அதன் நோக்கம் வேறு. ஆனால் தொண்ணூறு நாள் சவால், நாற்பத்தெட்டு நாள் சவால் என்று ஜிம்களில் போஸ்டர் ஒட்டும்போது எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வருகிறது. முடிகிற நாளைக் குறித்துவைத்துச் செய்த பயிற்சி அந்த நாளில் முடிந்துவிடுகிறது. முடிவு நாள் வேண்டியது இடைவெளிக்கு. பயிற்சிக்கு அதை வைத்துவிட்டு, இடைவெளியைக் கேட்பாரில்லாமல் விட்டுவிடுகிறோம்.

வெறும் ராடு

என் யோசனை எல்லாம் ஒரு திசைக்கு வந்தது சத்துவாச்சாரியில் ஒரு சாயங்காலம். சத்துவாச்சாரி என்றால் வேலூர்க்காரர்களுக்குப் பளுதூக்குவது ஞாபகம் வரும். காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கின சதீஷ் சிவலிங்கம் அந்த மண். அவர் அப்பாவும் பளுதூக்கினவர். என் அக்கா மகன் அங்கே ஒரு சின்னக் கூடத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். பிளஸ் டூ என்று சொல்லி நிறுத்தினான், பரீட்சை முடிந்தும் போகாமல் இருந்தான். இன்றைக்குப் போறேன், நாளைக்குப் போறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தவனை அக்கா என்னோடு வண்டியில் ஏற்றி அனுப்பினாள். வழி முழுக்கப் பேசவே இல்லை. வாசலில் போய் இறங்கினதும் "நீங்களும் உள்ள வாங்க சித்தி" என்றான், பதினேழு வயசுப் பையன்.

உள்ளே மாஸ்டர் வேறொரு பையனுடைய முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவனை ஏறிட்டுப் பார்த்து, "வந்துட்டியா? செருப்ப அங்க வுட்டுட்டு வா. வெறும் ராடு எடு" என்றார். அவ்வளவுதான். எங்கே போனாய் என்றில்லை, ஏன் இளைத்தாய் என்றில்லை. ஆண்களுக்கான ராடு, பிளேட் என்கிற எடைத்தட்டு எதுவும் மாட்டாமலேயே, 20 கிலோ. பக்கத்து மேடையில் இவனைவிடச் சின்னப் பையன்கள் இரண்டு பக்கமும் பிளேட் மாட்டித் தூக்கிக்கொண்டிருக்க, இவன் பிளேட்டே இல்லாத ராடைத் தலைக்கு மேல் தூக்கி உட்கார்ந்து எழுந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்டர் அவ்வப்போது "முட்டிய வெளிய தள்ளு", "முதுகு" என்று மட்டும் சொல்வார். கொஞ்ச நேரத்தில் பையனுக்கு முகம் மாறிவிட்டது. "மாஸ்டர், பிளேட் போட்டுக்கட்டுமா" என்று கேட்டான். "வேணாம். நாளைக்கு வா" என்றார். அவன் மறுபடியும் கேட்க, அவர் மறுபடியும் "நாளைக்கு வா."

அவன் உடை மாற்றப் போனபோது நான் அவரிடம் கேட்டேன், அவ்வளவு ஆசையாகக் கேட்டானே, கொஞ்சம் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று. அவர் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். "பரீட்சைக்கின்னு நின்னவன்ல பாதிப் பேரு திரும்ப வரமாட்டான்மா. ஒடம்பு முடியாம இல்ல, வெக்கம். முன்னாடி தூக்குனத இப்ப தூக்க முடியலயேன்னு வெக்கம். பிளேட் போட்டா அவன் பழசோட கம்பேர் பண்ணுவான். வெறும் ராட வச்சு எதையும் கம்பேர் பண்ண முடியாது. அதான் மொத வாரம் பிளேட்டயே கண்ணுல காட்டறதில்ல."

வண்டியில் திரும்பும்போது பையன் பேசிக்கொண்டே வந்தான். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. கோட்டையில் மாதக்கணக்கில் நான் பார்த்த விஷயத்துக்கு இந்த மனிதர் ஒரு வழியே வைத்திருக்கிறார். திரும்பி வருகிறவனுக்கு முதல் நாள் என்ன கொடுக்க வேண்டும், என்ன கேட்கக் கூடாது என்பதை அவர் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார். நடைக்காரர்களிடம் அப்படி ஒன்று இல்லவே இல்லை. நான் மாமியாருக்குப் பிறகு கோட்டைக்குப் போன முதல் நாள், பழைய வேகத்தில் பழைய தூரம் போகப் பார்த்து மூச்சு வாங்கி நின்றது ஞாபகம் வந்தது.

சதீஷையே எடுத்துக்கொள்ளுங்களேன். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம். நான்கு வருடம் கழித்து, தொடைக் காயத்திலிருந்து மீண்டு வந்து, 2018-ல் கோல்ட் கோஸ்ட்டில் அதே பிரிவில் தூக்கினது 317 கிலோ. 11 கிலோ குறைவு. அதுவும் தங்கம்தான். பழைய எண்ணை எட்டினால்தான் மேடை ஏறுவேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டாவது தங்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

உடம்பு எதை மறக்கிறது

இதன்பிறகு படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பல விஷயங்கள் மாஸ்டர் சொன்ன பக்கமே நின்றன. பயிற்சியை நிறுத்தினால் முதலில் போவது மூச்சு. இரண்டு மூன்று வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, அதனால் அதே தூரத்துக்கு இதயம் வேகமாக அடிக்கிறது. தசையின் பலம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அதாவது திரும்பி வரும் முதல் நாளில் கால் தயாராக இருக்கும், மூச்சு மட்டும் காட்டிக்கொடுக்கும், நாம் எல்லாமே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். அந்தக் குறைந்த நீர்ப்பகுதி மறுபடி நடக்க ஆரம்பித்தால் சீக்கிரமே திரும்பியும் வந்துவிடும். தசையில் இன்னும் ஆச்சரியம். நார்வேயில் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குன்டர்சன் குழுவினர் 2010-ல் எலிகளை வைத்துக் காட்டியது இது. தசைக்கு வேலை கொடுத்தால் அதன் நார்களுக்குள் புது உட்கருக்கள் சேர்கின்றன, பிறகு தசை இளைத்தாலும் அந்த உட்கருக்கள் போவதில்லை. மனித உடம்பிலும் அப்படியேதானா என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் முன்பு பயிற்சி செய்த ஆள் இரண்டாவது முறை வேகமாகப் பழைய நிலைக்கு வருவதைப் பயிற்சியாளர்கள் காலம் காலமாகப் பார்த்திருக்கிறார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் பதிய எவ்வளவு நாள் ஆகும் என்று பார்த்ததில் 66 நாள் என்று நடு மதிப்பு வந்தது, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. இந்த 66-ஐ எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் பதிவது பெரிதாகக் கெடவில்லை. இது எனக்கு 66-ஐவிட முக்கியமாகப் பட்டது.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2021-ல் நேச்சர் இதழில் வந்த கேத்தரின் மில்க்மன் குழுவினரின் ஆய்வு. அமெரிக்காவில் ஒரு ஜிம்மின் 61,293 உறுப்பினர்களிடம், அவர்களை அடிக்கடி வரவைக்க 54 விதமான நான்கு வாரத் திட்டங்களை ஒரே சமயத்தில் போட்டுப் பார்த்தார்கள். முதலிடம் வந்த திட்டம் எது தெரியுமா? ஒரு முறை வராமல் விட்டவர் அடுத்த முறை வந்தால் அவருக்கு ஒரு சின்னப் போனஸ் புள்ளி. விடாமல் வந்தவருக்கு மெடல் மாட்டுகிற யோசனை ஜெயிக்கவில்லை, விட்டுவிட்டு வந்தவரைக் கவனித்த யோசனை ஜெயித்தது. அதே ஆய்வில், நான்கு வாரம் முடிந்த பிறகும் தெரிகிற அளவுக்குப் பலன் நீடித்த திட்டங்கள் நூற்றுக்கு எட்டுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனுஷரை நகர்த்துவது அவ்வளவு லேசு இல்லை.

எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எங்கள் வயதில் பாதிப் பேருக்கு அப்படித்தான். நடக்கும்போது தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் வரைக்கும் இன்சுலினுக்கு உடம்பு நன்றாக வேலை செய்கிறது. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்களிடம் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறார்கள். இதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். போன மாதம் முழுக்க நடக்காததற்கான தண்டனை என்று எதுவும் நிலுவையில் இல்லை, இன்றைக்கு நடந்தால் இன்றைக்கே பலன் தொடங்குகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சரியான இலக்குதான். ஆனால் திரும்பி வருகிற வாரத்தில் அந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவைக்காதீர்கள்.

இப்போது எங்கள் கூட்டத்தில்

கோட்டையில் என்னோடு நடக்கிற பெண்கள் ஒரு சின்னக் கூட்டம். ஒரு நர்ஸ், இரண்டு டீச்சர்கள், மளிகைக் கடை வைத்திருக்கிற ஒரு பாயம்மா, ஓய்வுபெற்ற ஒரு தபால்காரம்மா. சத்துவாச்சாரிக் கதையை இவர்களிடம் சொன்னேன். பேசிப் பேசிச் சில ஏற்பாடு செய்துகொண்டோம். யாராவது வராமல் இருந்து வந்தால் காரணம் கேட்பதில்லை, உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். வந்தவர் முதல் வாரம் வாசலிலிருந்து ஜலகண்டேஸ்வரர் கோயில் வரை போய்த் திரும்பினால் போதும், மதில் பக்கம் போகவே வேண்டாம், கூட ஒருத்தி அதே தூரத்தோடு நின்றுகொள்வாள். கையில் கட்டுகிற கடிகாரத்தில் அடி எண்ணுகிறவர்கள் அந்த வாரம் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும், இதற்கு மட்டும் கொஞ்சம் சண்டை நடந்தது. பாயம்மா ஒரு நல்ல யோசனை சொன்னார்: நிற்கப் போகிறவர் நிற்பதற்கு முன்பே, எப்போது வருவேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டுப் போகட்டும். ரம்ஜானுக்கு அவர் அப்படித்தானே போகிறார். தண்ணீர் வருகிற காலைக்கும் ஒரு வழி பார்த்தோம். அன்றைக்கு நடை சாயங்காலம், சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் தெருவிலேயே, பக்கத்து வீட்டுத் துணையோடு. இரவில் தெருவிளக்கு எரியாத தெருவில் இருப்பவர்களுக்கு இது சரிப்படவில்லை, அதற்கு மனு கொடுத்திருக்கிறோம்.

எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். தீபாவளியோடு நின்ற ஒருவருக்கு நான் போன் செய்து நலம் விசாரித்தேன், நடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவராகத்தான் "இன்னும் அதே நேரமா போறீங்கோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னும் வரவில்லை. போன் மட்டும் செய்துகொண்டிருக்கிறேன். திரும்பி வருவதற்கு வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள் மாதிரியான நாட்கள் உதவும் என்று மில்க்மன் குழுவே 2014-ல் ஓர் ஆய்வில் காட்டியிருக்கிறது, கல்லூரி ஜிம்முக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை அந்த நாட்களை ஒட்டித்தான் கூடுகிறது. அதனால் நாங்களும் நாள் குறித்தாயிற்று. இந்த வருடக் கத்திரிக்கு நடையை நிறுத்துகிறோம், கத்திரி முடிந்து வருகிற முதல் திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கோட்டை வாசலில் கூடுகிறோம். கொசப்பேட்டை, வேலப்பாடி, தோட்டப்பாளையம் பக்கம் இருக்கிற பெண்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். ஷூ இல்லாவிட்டால் பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு போதும், தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். முதல் நாள் கோயில் வரைக்கும்தான், ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.